இருபத்தோரு அங்குல அம்மன்

ஏழடி உயரத்தில் ஒரு சிலை வேண்டுமென்றால் முதலில் அதையே சின்னதாக ஒன்று செய்ய வேண்டும். சின்னதை அளந்து, ஒவ்வோர் அங்குலத்தையும் நாலு அங்குலமாக்கினால் பெரியது வரும். சின்னது இல்லாவிட்டால் பெரியது இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதைப் புசல்லாவைச் சிலைக் குழுவுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

என் பெயர் சர்மிளா. கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன். குண்டசாலையில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டு அதில் சிலை செய்கிறேன். சிலை என்றால் என்ன சிலை? பதினாறு வருஷமாக ஹோட்டல் வாசலுக்குச் சிங்கம், பூந்தோட்டத்துக்குக் கொக்கு, டிசம்பரில் நத்தார் தாத்தா. போன வருஷம் ஒருவர் செத்துப்போன தன் நாய்க்குச் சிலை கேட்டார், அதையும் செய்தேன். "டீச்சர் நல்லா கொக்கு செய்வாங்க" என்று ஊரெல்லாம் பெயர். நாற்பத்து மூன்று வயதில் கொக்குக்காரி என்று பெயர் வாங்கிப் பாருங்கள், தெரியும் அந்த எரிச்சல்.

அதனால்தான், புசல்லாவைச் சந்தியில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஏழடியில் சிலை வைக்கப்போகிறோம், நீங்கள்தான் செய்து தர வேண்டும் என்று குழுத் தலைவர் வீரசிங்கம் போன் எடுத்தபோது நான் கதிரையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். முதல் தடவையாக ஒரு மனுஷியைச் செய்யச் சொல்கிறார்கள். அதுவும் நான் பிறந்த ஊர்ப் பக்கம், பஸ்ஸில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிற இடத்தில்.

ஆனால் ஒரு கெடு இருந்தது. சந்தியில் சிலை வைக்கப் பிரதேச சபை கொடுத்த அனுமதி மார்ச் முப்பத்தோராம் திகதிவரைதான். அதற்குள் என் சிலை ஏறாவிட்டால் வீரசிங்கத்தின் மச்சான் கொழும்பில் பார்த்து வைத்திருக்கும் ஃபைபர் சிலை வந்து நின்றுவிடும். அதை நான் படத்தில் பார்த்தேன். உதட்டுச் சாயம், கை நிறைய வளையல், முதுகில் வெறும் கூடை, முப்பத்திரண்டு பல்லும் வெளியே. மழையில் நாலு மணித்தியாலம் கொழுந்து பறித்துவிட்டு யாராவது அப்படிச் சிரிப்பார்களா? அதைப் பார்த்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், அந்தப் பொம்மை அங்கே நின்றால் நான் இனி அந்தச் சந்தி வழியாக நூரளை ரோட்டில் பஸ் ஏற மாட்டேன் என்று.

அந்தச் சின்ன மாதிரிக்கு நின்றவள் சுப்பம்மா. ஐம்பத்தேழு வயது. முப்பத்தொன்பது வருஷம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் இல்லை. மகன் கொழும்பில் கடையில் வேலை. மருமகள் நிலூஷாவும் சுப்பம்மாவும் தோட்டத்து லய வரிசையில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அதாவது ஒரே வீட்டில் சண்டை பிடிக்கிறார்கள். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் களிமண்ணோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று ஞாயிறும் உள்ளேயிருந்து நிலூஷாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. "தண்ணிய மூடி வைக்கத் தெரியாதா? இந்த வீட்டுல எல்லாத்தையும் நானே பாக்கணும்." சுப்பம்மா தலையை அசைக்காமல் வாயால் மட்டும் பதில் கொடுப்பாள். "மூடித்தான்டி வச்சேன், பூனை தட்டிருச்சி."

நன்றாக வந்தது. நானே சொல்லிக்கொள்கிறேன், நன்றாக வந்தது. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, முதுகில் கூடையோடு, ஒரு கை கொழுந்துக்கு நீட்டி, இருபத்தோரு அங்குலத்தில் சுப்பம்மா நின்றாள். களிமண்ணிலிருந்து அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, அச்சை உடைத்து வெளியே எடுத்தேன். அச்சு போய்விட்டது, களிமண்ணும் போய்விட்டது. இருந்தது அந்த ஒன்றே ஒன்றுதான்.

கண்ணை மட்டும் கீறாமல் விட்டேன். ஏழடிச் சிலை நாலடிப் பீடத்தில் நிற்கும். கீழேயிருந்து பார்ப்பவர்களுக்குக் கண் எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பெரியதில்தான் முடிவு செய்ய முடியும். சின்னதில் கண் கீறுவது வீண்வேலை. அந்த வீண்வேலையை அன்றைக்குச் செய்து தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெப்ரவரி நடுவில் ஒரு வியாழக்கிழமை, மாதிரியைக் குழுவுக்குக் காட்டக் கொண்டுபோனேன். கூட்டம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில். எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் டீச்சர், வராத ஆளுங்களும் பாத்துக்கிறட்டும்" என்றார் வீரசிங்கம். நானும் மடைச்சி மாதிரிச் சரி என்றேன். மண்டபத்து மேசைமேல், வாசலைப் பார்த்து வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கப் போனால் மண்டப வாசலில் இருபது சோடி செருப்பு. உள்ளே மணிச்சத்தம். ஏதோ பூசை போலிருக்கிறது என்று நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். பூசைதான். என் மாதிரிக்கு!

மஞ்சள் சீலைத் துண்டு சுற்றி, கதம்ப மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, முன்னால் வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகியிருந்தார்கள். எல்லாவற்றையும்விட, கண். கறுகறுவென்று இரண்டு பெரிய கண் மையால் எழுதியிருந்தது. என்னையே பார்த்தது.

"யார் இதுக்குக் கண் வச்சது?" என்று கத்தினேன்.

வீரசிங்கம் தோளில் துண்டோடு வந்தார். சாதாரண நாளில் புசல்லாவை டவுனில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிற மனுஷன். அன்றைக்கு முகத்தில் பக்தி வழிந்தது. "சத்தம் போடாதீங்க டீச்சர். வெள்ளிக்கிழம விடியக்காத்தால பூசாரி வந்து பாக்குறாரு, கண்ணு தொறந்துருக்கு. யாரும் தொறக்கல. தானா தொறந்துருக்கு."

"தானா எப்படிங்க தொறக்கும்? மை! கண் மை பூசியிருக்கு!"

"மையோ என்னமோ, தொறந்தது தொறந்ததுதானே. கண்ணு தொறந்துட்டா சாமி."

"ஐயா, இது கொழுந்து பறிக்கிற பொம்பளை. முதுகுல கூடை இருக்கு பாருங்க."

"அதத்தான் டீச்சர் நாங்களும் சொல்றோம். அம்மன் கூடையோட வந்துருக்கா."

பொறுமையாகப் பேசிப் பார்த்தேன். பெரிய சிலைக்கு இதை அளந்தாக வேண்டும், கொண்டுபோய் அளந்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன், பிறகு நீங்கள் கோபுரமே கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் இளகினார்கள். அப்போதுதான் வீரசிங்கம் கேட்டார். "அளக்குறதுன்னா என்னா செய்வீங்க?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்தப் புத்தியே வரவில்லை. "உச்சந்தலையில ஒரு ஆணி, தாடையில ஒண்ணு, ரெண்டு தோளுலயும், முழங்கையில, இடுப்புல... மொத்தம் இருபத்தாறு இடத்துல சின்ன ஆணி அடிக்கணும். அதுலேருந்துதான் அளவு எடுக்குறது."

மண்டபமே மூச்சை உள்ளே இழுத்தது. முன்னால் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். யார் என்று பார்த்தால் சுப்பம்மாவின் மருமகள் நிலூஷா. கையில் கற்பூரத் தட்டு. "அம்மனுக்கு ஆணியா! நீங்க படிச்சவங்கதானே டீச்சர்?" என்றாள். மூன்று ஞாயிறு மாமியாரைக் கிழிகிழியென்று கிழித்த அதே வாய். மாமியாரின் அதே மூக்கு, அதே தாடை, அதே ஒட்டிய கன்னம் முன்னால் நிற்கிறது, இவளுக்குத் தெரியவில்லை. மஞ்சள் சீலை சுற்றிவிட்டால் சொந்த வீட்டு ஆளைக்கூட அடையாளம் தெரியாதா?

வெறுங்கையோடு திரும்பினேன்.

அடுத்த மூன்று கிழமை நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? இரண்டு கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்தில் ஒருவர், "போன்ல படம் எடுத்தீங்கதானே, அதப் பாத்துச் செய்ங்களேன்" என்றார். படத்தில் எங்கே ஐயா ஆழம் இருக்கிறது என்று கேட்டேன். "பெருசு பண்ணிப் பாத்தா தெரியும்" என்றார். இரண்டாவது கூட்டத்தில் ஆணி இல்லாமல் தொடாமல் எட்ட நின்று அளக்கலாம் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். எட்ட நின்று! கைதட்டல் வேறு. நடுவில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போது போன் வந்தது, நாளைக்குப் பாலாபிஷேகம் செய்யப்போகிறோம் என்று. பிள்ளைகள் முன்னாலேயே கத்திவிட்டேன். "ஐயோ, அது பிளாஸ்டர்! பால் ஊத்தினா ஊறி உதிர்ந்திரும்!" அதற்குப் பிறகு சந்தனம் மட்டும் போதும் என்று விட்டார்கள்.

பிலிமத்தலாவையில் ஹபீலின் வெல்டிங் கடையில் என் பெரிய சிலைக்கான இரும்புக் கூடு தயாராகி நின்றது. எலும்புக்கூடு மாதிரி ஏழடிக் கம்பி. சீமெந்து ஏறினால்தான் அது சிலை. அவர் இரண்டு நாளுக்கொரு தடவை போன் எடுப்பார். "டீச்சர், ஒங்கட கம்பி மனுசி என்ட கடைய அடச்சிட்டு ஈக்கிறா. வாற ஆளெல்லாம் இடிச்சிக்கிறாங்க. எப்ப எடுக்கிய, ஒரு நாளச் செல்லுங்க." என்ன நாளைச் சொல்வது? புதிதாக ஒரு மாதிரி செய்யலாமென்றால் சுப்பம்மா கண் சத்திரசிகிச்சைக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். கண்ணில் புரை. வெட்டிய பிறகு கொஞ்ச நாள் தூசியில் உட்காரக் கூடாதாம். எல்லாம் எனக்கென்றே ஒரே நேரத்தில் நடந்தது.

மார்ச் ஒன்பதாம் திகதி, இன்னும் இருபத்திரண்டு நாள். கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாமென்று போனேன். வீரசிங்கம் கடையில் இல்லை. மண்டபத்தில் யாரும் இல்லை. அம்மனும் நானும் மட்டும். தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. கிட்டப் போய்க் குனிந்தேன்.

அப்போதுதான் அந்தக் கண்ணைச் சரியாகப் பார்த்தேன். இடது கண் வலது கண்ணைவிடப் பெரிது. வலது கண் இமைக்கோட்டை விட்டுக் கன்னத்துக்கு இறங்கியிருந்தது. ஒரு ஓரத்தில் மை தீற்றி, பெருவிரல் வைத்துத் துடைத்த அடையாளம். தெய்வம் தன் கண்ணைத் தானே திறந்திருந்தால் இவ்வளவு கோணலாகத் திறந்திருக்காது. இதை எழுதியவருக்குப் பார்வை சரியில்லை.

நேரே லயத்துக்கு நடந்தேன். சுப்பம்மா வாசலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். நிலூஷா வேலைக்குப் போயிருந்தாள்.

"சுப்பம்மாக்கா, கண் வச்சது நீங்கதானே?"

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சீலையில் துடைத்தாள். "ஆமா டீச்சர். மெதுவாப் பேசுங்க."

"ஏன்க்கா? ஏன் இப்படிச் செஞ்சீங்க? என் பொழப்பே நின்னுபோச்சு தெரியுமா?"

"நீங்க என் மூஞ்சிய வச்சிட்டுக் கண்ணு இல்லாம விட்டுட்டுப் போயிட்டீங்க. திங்கக்கெழம எனக்கு ஒப்பரேஷன். என் மூஞ்சி அங்க குருடா நிக்கிது, நான் இங்க கண்ண வெட்டக் குடுக்கப்போறேன். எனக்குப் பகீர்னு இருந்துச்சி. வெள்ளிக்கிழம வேலைக்குப் பேர் குடுக்கப் பிரட்டுக்குப் போற ஆளுங்க எந்திரிக்க முந்தியே போயி, பேத்தியோட மைய எடுத்து வச்சிவிட்டேன். நல்லாத் தெரியல, குத்துமதிப்பா வச்சேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "இப்பப் பாருங்க, ஒப்பரேஷன் நல்லா நடந்துச்சி. எதுத்த மலையில ஆள் நடக்குறதுகூடத் தெரியிது."

கோபம் வந்தது, ஆனால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் மேலும் வந்தது. கண் வெட்டுக்குப் போகிறவளின் முகத்தை எடுத்துக் கண்ணில்லாமல் நிறுத்தி வைத்தேனே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனேனா?

"சரி, போகட்டும். இப்ப வாங்க. வீரசிங்கம் ஐயாகிட்ட இதைச் சொல்லிருங்க. நீங்க வச்ச மைன்னு தெரிஞ்சா மாதிரியைக் குடுத்திருவாங்க."

"அது முடியாது டீச்சர்."

"ஏன்?"

அவள் சிரித்தாள். நான் மூன்று ஞாயிறு முகம் பார்த்தவள், அந்தச் சிரிப்பு அதில் ஒரு நாளும் வரவில்லை. "நிலூஷா தெனம் காலையில வேலைக்குப் போகுமுந்தி அங்க போறா. நானும் பின்னாலயே போயி தூண் மறவுல நின்னு பாத்தேன். என் மூஞ்சிக்கு முன்னாடி கைய எடுத்துக் கும்புடுறா டீச்சர்! என்னா வேண்டிக்கிறா தெரியுமா? 'அம்மா தாயே, எங்க அத்தைக்கு நல்ல புத்தியக் குடு'ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"எட்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். அவ என் மூஞ்சியப் பாத்து அம்மான்னு சொன்னதே இல்ல. அங்கயாவது சொல்லிட்டுப் போகட்டும். நான் கெடுக்க மாட்டேன்."

"அப்ப நான்?" என்றேன். அப்படிக் கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. "இருபத்திரண்டு நாள்தான்க்கா இருக்கு. கொழும்புப் பொம்மை வந்துரும். எனக்குச் சாகுமட்டும் கொக்குதான்."

சுப்பம்மா எதிர்மலையைப் பார்த்தாள். "அந்தப் பொம்மைய எதப் பாத்துச் செஞ்சீங்க?"

"உங்களைப் பாத்துத்தான்."

"அப்ப என்னைய அளங்களேன்."

பதினாறு வருஷமாகச் சிலை செய்கிறேன். மூன்று கிழமையாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். எனக்கு இது தோன்றவில்லை. மாதிரியை அளந்துதான் பெரியதைச் செய்ய வேண்டும் என்று படித்தேன், மாதிரி எதற்கு மாதிரி என்பதை மறந்தே போனேன். "ஆள் அசையும்க்கா, மூச்சு விடும், அளவு பிசகும்" என்று ஏதோ முனகினேன்.

"முப்பத்தொம்பது வருசம் சரிவுல நின்னவளுக்குத் தரையில நிக்கத் தெரியாதா?"

அவள் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுப் பார்த்தேன். நாலடி எட்டு அங்குலம். ஒன்றரை மடங்காக்கினால் சரியாக ஏழடி. என் வாழ்க்கையில் சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான்.

முறைக்கு வீரசிங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டேன். சுப்பம்மாவை நாலு நாள் குண்டசாலைக்குக் கூட்டிப்போய் நிற்க வைத்து அளக்க வேண்டும் என்றேன். "அவளா? தாராளமாக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். எத்தன நாள் வேணும்னாலும் வச்சிக்குங்க. ஆணி மட்டும் அடிச்சிறாதீங்க" என்று சொல்லிக் கடையதிரச் சிரித்தார். இருபத்தோரு அங்குலச் சுப்பம்மாவை எட்ட நின்று அளக்கத் தீர்மானம் போட்டவர்கள் இவர்கள். நாலடி எட்டு அங்குலத்துக்குத் தீர்மானமும் இல்லை, கூட்டமும் இல்லை. கண் வெட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லையே, நாள் முழுக்க நிற்பாளா என்று ஒருத்தர் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் கடையிலிருந்த அலவாங்குக் கம்பியை எடுத்து யார் தலையிலாவது போட்டிருப்பேன். போடவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். கொட்டகையில் நாலு மரச்சட்டம் நிறுத்தி, மேலேயிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நடுவில் சுப்பம்மாவை நிற்க வைத்தேன். ஆணிக்குப் பதிலாகப் பேனா. தாடையில் ஒரு புள்ளி, கழுத்தெலும்பில் இரண்டு, தோள்களில், முழங்கையில். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கதிரை போட்டு உட்கார வைத்தேன். அவளுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. "என்னைய வேலைக்குத்தானே கூட்டிட்டு வந்தீங்க" என்பாள்.

இரண்டாம் நாள் தோளுக்கு வந்தேன். இடது தோள் அளந்தேன், வலது தோள் அளந்தேன். ஒன்றே முக்கால் அங்குலம் வித்தியாசம்.

"நேரா நில்லுங்கக்கா."

"நேராத்தான் நிக்கிறேன்."

மறுபடி அளந்தேன். அதே ஒன்றே முக்கால். வலது தோள் கீழே. "வலப்பக்கம் சாயாதீங்கன்னு சொன்னேனே?" என்று எரிந்து விழுந்தேன்.

"சாயல டீச்சர். அது அப்பிடியேதான். கொழுந்துச் சாக்க நிறுக்கக் கொண்டுபோறது அந்தத் தோளுலதானே. ரெண்டு பிள்ளைய வகுத்துல வச்சிக்கிட்டும் தூக்கியிருக்கேன். அது எறங்கி எத்தனையோ வருசம்."

அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் மாதிரியில் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. மூன்று ஞாயிறு இவளைப் பார்த்துத்தான் செய்தேன். கண் பார்த்ததைக் கை நிமிர்த்திவிட்டது, நான் கேட்காமலே. கொழும்புப் பொம்மைக்காரன் பல்லை வைத்தான், நான் தோளை நிமிர்த்தினேன். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நிமிர்ந்த தோளோடு நின்றதால்தான் அவர்களுக்கு அது அம்மனாகத் தெரிந்ததோ என்னவோ.

ஹபீலுக்குப் போன் எடுத்து, கூட்டின் வலது தோளை வெட்டி இறக்க வேண்டும் என்றேன். அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். "டீச்சர், நேரா ஈக்கிய சாமான நீங்க கோணலாக்கச் செல்றீங்க. நான் இத எழுதி வாங்கிக்கிறன், பொறகு என்னய ஏசப்படாது." ஆனால் மறுநாளே வந்து, சுப்பம்மாவின் தோளையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்து, வெட்டி ஒட்டிக் கொடுத்தார். போகும்போது, "உம்மாக்கும் ஒரு தோள் இப்பிடித்தான்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பதினைந்து நாள் நான் மனுஷியாக இல்லை. கை முழுக்கச் சீமெந்து, நகமெல்லாம் வெடிப்பு. முப்பதாம் திகதி பின்னேரம் லொறியில் ஏற்றிப் பீடத்தில் நிறுத்தினோம். கண்ணை அங்கேயே, சாக்குத் திரைக்குள் ஏணிமேல் நின்று, நானே கீறினேன். இந்தத் தடவை யாருக்கும் மைப்பெட்டியோடு வரவேண்டிய வேலை வைக்கவில்லை. கீழே நின்ற சுப்பம்மாவைக் கேட்டுக் கேட்டுத்தான் கீறினேன். "எங்க பாக்குது?" என்பேன். "எதுத்த மலைய" என்று அவள் சொல்லும்வரை விடவில்லை.

முப்பத்தோராம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை சந்தியில் நல்ல கூட்டம். தோட்டமே வந்திருந்தது. நிலூஷா முன் வரிசையில், மகளைக் கையில் பிடித்தபடி. பக்கத்தில் சுப்பம்மா, வலது தோளில் சாமான் பையோடு. வீரசிங்கம் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் திரையை இழுத்தார்.

யாரும் கைதட்டவில்லை. கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு முணுமுணுப்பு ஆரம்பித்தது. வீரசிங்கம் என் பக்கத்தில் வந்து காதில் கேட்டார். "டீச்சர், வலது தோளு எறங்கிப்போயிருக்கே. சீமெந்து காயிறதுக்குள்ள தூக்கிட்டீங்களா? கோயில்ல இருக்கிறது எவ்வளவு நேரா நிக்கிது."

ஆறு கிழமையாக உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் வாய்வரை வந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருந்தால் அந்தச் சந்தியில் பிறகு என்னால் இறங்கியிருக்கவே முடியாது.

திறக்குமுன்னே நிலூஷா மகளின் கையை விட்டுவிட்டுச் சிலையைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். பின்பக்கம் போய்க் கூடையைப் பார்த்தாள். வலப்பக்கம் வந்து நின்றாள். தோளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பையோடு நிற்கிற மாமியாரைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

"அத்த," என்றாள். "இது நீங்கதானே?"

சுப்பம்மா பையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள்.

"இந்தத் தோளு எப்பருந்து இப்பிடி இருக்கு?"

"அது எப்பயோ எறங்கிருச்சி. விடு."

"எப்பயோன்னா? எட்டு வருசமா நான் பக்கத்துலதானே இருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்னா? கேக்குறேன்ல? தண்ணிக்கொடத்த அந்தப் பக்கமாத்தானே தெனம் தூக்கிட்டு வாறீங்க!" அவள் சத்தம் கூடிக்கொண்டே போனது. கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அவளுக்கு அது பொருட்டாகவே இல்லை. "குடுங்க அந்தப் பைய."

"கனமில்லடி."

"குடுங்கன்னா குடுங்க!"

பிடுங்காத குறையாகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மறு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு லயத்துப் பாதையில் ஏறினாள். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிற சுப்பம்மா, அன்றைக்கு ஒரு பதிலும் சொல்லாமல், வெறுங்கையை வீசிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள்.

"தோள நிமித்த முடியாதா டீச்சர்?" என்று வீரசிங்கம் மறுபடி கேட்டார்.

"முடியாது" என்றேன்.